சாரலுக்கு முன் பழைய பேட்டரிகளை ஒழுங்கு செய்வோம்

செங்கோட்டை, புளியரைக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சாரல் தொடங்குவதற்குள் கடைக்குப் பின்னால் கிடக்கும் பழைய பேட்டரிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர், லாரி பேட்டரிகளில் இருப்பது ஈயமும் கந்தக அமிலமும். அவற்றைச் சாய்க்காமல், பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி, மழை படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றவே வேண்டாம். அந்தத் தண்ணீர் நம் குளத்துக்கும் வயலுக்கும்தான் போகிறது.

செல்போன் கடைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். லித்தியம் பேட்டரியின் முனைகள் ஒன்றோடொன்று உரசினாலே தீப்பிடிக்கலாம். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். உப்பியதைக் குத்தாமல், அழுத்தாமல், காய்ந்த மணல் போட்ட இரும்பு டப்பாவில் தனியாக வையுங்கள். மற்ற சரக்குக்குப் பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம், யாரிடம் கொடுப்பது? 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. புதியது வாங்கும்போதே பழையதை டீலரிடம் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள், ரசீதும் கேளுங்கள். கூட இருபது ரூபாய் கிடைக்கிறதென்று வீதியில் உடைத்து ஈயம் உருக்குபவர்களிடம் தர வேண்டாம். ஈயப் புகை குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

உங்களிடம் எந்த வகையில் எத்தனை இருக்கிறது என்று ஞாயிறு இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். மொத்தமாகச் சேர்ந்தால் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்தின் வண்டியையே வரச் சொல்லிக் கேட்கலாம்.