புதிய டிஸ்க் வாங்குவதற்கு முன்

அடையாறு, சென்னை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பல கணினிகளை இணைத்த உங்கள் கிளஸ்டரின் சேமிப்பகம் மந்தமாகிவிட்டதால் புதிய டிஸ்க்குகள் வாங்க விண்ணப்பம் தயாராகிறது என்று எழுதியிருந்தாய். கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடு. சென்ற ஆண்டு நாங்களும் அந்த முடிவுக்குத்தான் வரவிருந்தோம்.

எங்களிடமும் உன்னிடம் இருக்கும் லஸ்டர்தான், பல சர்வர்களில் கோப்புகளைப் பரப்பி வைக்கும் அதே கோப்பு முறைமை. ஒரு கோப்பைத் திறக்கும்போது அது எங்கே இருக்கிறது என்பதை கோப்புகளின் பெயர், இடம் போன்ற விவரங்களை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வரிடம் முதலில் கேட்டறிந்து, பிறகே தரவுக்காகச் சேமிப்பு சர்வர்களை நேரடியாக அணுக வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். கல்யாணப் பந்தியில் பரிமாறப் பத்துப் பேர் நின்றாலும், இலை போடுபவர் ஒருவர் மட்டும் என்றால் பந்தி நகராது அல்லவா? எங்களுக்கு நேர்ந்தது அதுவே. ஒரு ஆய்வுக் குழுவின் நிரல் ஒவ்வொரு படிநிலைக்கும் ஒரு சிறு கோப்பாக எழுதி, ஒரே அடைவில் (ஃபோல்டரில்) லட்சக்கணக்கில் குவித்திருந்தது. அங்கே கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' கட்டளையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கையிலிருந்த காப்பி ஆறிய பிறகும் பட்டியல் வரவில்லை. அப்போது சேமிப்பு சர்வர்கள் ஏறக்குறைய சும்மா இருந்தன. மெட்டாடேட்டா சர்வர் மட்டும் திணறிக்கொண்டிருந்தது. அந்தச் சிறு கோப்புகளை பல தரவுகளை ஒரே கோப்பில் அடக்கும் ஹெச்டிஎஃப்5 வடிவில் ஒன்றாக எழுதச் செய்ததும் நெரிசல் தீர்ந்தது.

இன்னொரு சிக்கல் இதற்கு நேர் எதிரானது. நூற்றுக்கணக்கான செயல்முறைகள் சேர்ந்து எழுதும் பெரிய செக்பாயிண்ட் கோப்பு (ஓடும் வேலையின் இடைநிலையைச் சேமிப்பது), அது எத்தனை சேமிப்பு இலக்குகளில், அதாவது சேமிப்பு சர்வர்களின் டிஸ்க் தொகுதிகளில், பிரித்து வைக்கப்படும் என்பதைச் சொல்லும் ஸ்ட்ரைப் எண்ணிக்கையை யாரும் மாற்றாததால், இயல்பான 1 என்ற மதிப்பிலேயே இருந்தது. அதாவது, முழுக் கோப்பும் ஒரே சேமிப்பு இலக்கில் போய் விழுந்தது. அந்த அடைவுக்கு 'எல்எஃப்எஸ் செட்ஸ்ட்ரைப்' கட்டளையால் 8 என்று வைத்தோம். இது புதிதாக உருவாகும் கோப்புகளுக்கே பொருந்தும். பழையவற்றை 'எல்எஃப்எஸ் மைக்ரேட்' மூலம் மாற்ற வேண்டியிருந்தது. சிறு கோப்புகளுக்கும் இதையே செய்துவிடாதே. ஒரு கோப்பின் அளவை அறியக்கூடப் பல இலக்குகளைக் கேட்க வேண்டி வரும்.

எனவே, மந்தமாக ஓடும் வேலையின் அடைவில் 'எல்எஃப்எஸ் கெட்ஸ்ட்ரைப்' கட்டளை தரும் ஸ்ட்ரைப் விவரத்தையும், அங்குள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும், அந்த நேரத்தில் மெட்டாடேட்டா சர்வரின் சுமையையும் எனக்கு அனுப்பு. அவற்றைப் பார்த்துவிட்டு அந்த விண்ணப்பத்தைப் பற்றிப் பேசலாம்.

என்றும் உன்,
பழைய அறைத்தோழன்