பல்வர் வெறும் சிரிப்புக்கு வந்தவன் இல்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

'மிஸ்டர் ராபர்ட்ஸ்' படம் பார்த்துவிட்டேன் என்று நீ அனுப்பிய செய்தியைப் படித்ததும் மனசு நிறைந்துபோனது. ராபர்ட்ஸாக வரும் ஹென்றி ஃபோண்டா பிரமாதம், கேப்டனாக வரும் ஜேம்ஸ் காக்னியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது என்றெல்லாம் எழுதியிருந்தாய். எல்லாம் சரி. ஆனால் "அந்தப் பல்வர் சும்மா சிரிப்புக்கு" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் உன் கப்பல் சிக்னல் பாதியில் விட்டுப்போகும்.

சரக்குக் கப்பலில் நாளைக் கழிக்கிற உனக்கு அந்தக் கதையின் சலிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போர் முடியப்போகிற நேரம், பசிபிக் கடல், சண்டை நடக்கும் பக்கமே போகாத ஒரு சப்ளைக் கப்பல். கதையை எழுதிய தாமஸ் ஹெகன் போர்க்காலத்தில் கடற்படைச் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். அந்த அனுபவத்தை வைத்து 1946-இல் நாவல் எழுதினார். 1948-இல் அது பிராட்வே நாடகமானது, 1955-இல் படம். இடையில் இயக்குநர் ஜான் ஃபோர்டுக்கும் ஃபோண்டாவுக்கும் கைகலப்பு வரை போய், ஃபோர்டும் உடம்பு சரியில்லாமல் விலக, மெர்வின் லெராய் வந்து முடித்தார். அது தனிக் கதை.

ஜாக் லெமன் நடித்த பல்வருக்கு வருவோம். சலவைக்கும் மாலுமிகளின் உற்சாகத்துக்கும் பொறுப்பான அதிகாரி, ஆனால் படுக்கையை விட்டு எழுந்திருக்க மாட்டான். கேப்டனை என்ன செய்கிறேன் பார் என்று வாய் கிழியப் பேசுவான். கேப்டன் வருகிற சத்தம் கேட்டால் ஆளைக் காணோம். மாட்டிக்கொள்ளும் காட்சியை நினைத்துப் பார். எவ்வளவு நாளாய் இந்தக் கப்பலில் இருக்கிறாய் என்று கேப்டன் கேட்கிறார். "14 மாதம், சார்." அந்தப் பதிலைச் சொல்லும்போது ஜாக் லெமன் முகத்தில் பயம், அசடு, தப்பித்துவிடலாம் என்ற நப்பாசை மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. சிரித்துவிடக் கூடாது என்பதற்காகவே லெமனுடன் பலமுறை ஒத்திகை பார்த்ததாகக் காக்னி பின்னால் எழுதியிருக்கிறார். அத்தனை பெரிய நடிகருக்கே அந்த நிலைமை! லெமன் நிஜத்திலும் கடற்படையில் என்சைனாக, அதாவது கடைநிலை அதிகாரியாக, இருந்தவர். அந்த உடுப்பு அவர் உடம்பில் அவ்வளவு இயல்பாக உட்காருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றும்.

இப்போது கடைசிக்கு வா. தபால் வருகிறது. ராபர்ட்ஸின் கடிதத்தைப் பல்வர் எல்லோருக்கும் சத்தமாகப் படிக்கிறான், குரலில் பெருமை தாங்கவில்லை. பிறகு நண்பனிடமிருந்து வந்த இன்னொரு கடிதத்தைப் பிரிக்கிறான். ராபர்ட்ஸ் மாற்றலாகிப் போன போர்க்கப்பல் மேல் ஜப்பானிய விமானம் மோதி, காபி குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே போய்விட்டார். லெமன் அழவில்லை, கத்தவில்லை. இவ்வளவு நேரம் வாய் ஓயாத ஆள் வாயடைத்துப் போகிறான், அவ்வளவுதான். எனக்கு அந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைத்துவிடும்.

அடுத்து என்ன செய்கிறான்? நேரே போய்க் கேப்டனின் செல்லப் பனையைக் கடலில் தூக்கி எறிகிறான். கதவைத் தட்டி உள்ளே போய், எறிந்தது நான்தான் என்று சொல்லிவிட்டு, இன்றைக்குக் கப்பலில் படம் போடக் கூடாதென்றால் என்ன அர்த்தம் என்று கேட்கிறான். படம் முழுக்க அவன் பேசிய வெட்டிப்பேச்சு இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கு இத்தனை பலம் வந்திருக்குமா, சொல். நமக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணும் கலங்குகிறது. ராபர்ட்ஸ் விட்டுப்போன இடத்தில் ஒருவன் வந்து நிற்பதை ஃபோண்டாவால் காட்ட முடியாது. அவர்தான் கதையை விட்டே போய்விட்டாரே. அதைப் பல்வர்தான் காட்ட வேண்டும். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் லெமனுக்குக் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அடுத்த துறைமுகத்தில் வைஃபை கிடைத்தால் அந்தக் கடைசிப் பத்து நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை பார். பார்த்துவிட்டு எழுது. அப்பா இன்னும் ஃபோண்டா கட்சிதான். வீட்டில் என் பக்கம் பேச ஒரு ஆள் வேண்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா