புச்சா: விசாரணை வேண்டும் என்றீர்கள், அப்புறம்?

மதிப்புக்குரிய வெளியுறவு அமைச்சர் அவர்களுக்கு,

2022 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் புச்சா படுகொலைகளை வன்மையாகக் கண்டித்தீர்கள். சுதந்திரமான விசாரணை வேண்டும் என்ற கோரிக்கையையும் ஆதரித்தீர்கள். ஐ.நா. பாதுகாப்பு அவையில் நம் தூதர் திருமூர்த்தியும் அதையே சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் எழுதுகிறேன்.

உக்ரைன் தலைநகர் கீவை ஒட்டிய சிற்றூர் புச்சா. 2022இல் ஏறக்குறைய ஒரு மாதம் ரஷ்யப் படையின் பிடியில் இருந்தது. மார்ச் 4 அன்று யாப்லுன்ஸ்கா தெருவில், பிடிபட்ட ஆண்களைத் துப்பாக்கி முனையில் நடத்திச் செல்வது கேமராவில் பதிவாகியிருக்கிறது. முதுகு வளைந்து, முன்னால் போகிறவரின் பெல்ட்டைப் பிடித்தபடி வரிசையாகப் போகிறார்கள். 144ஆம் எண் கட்டடத்தின் பின்பக்கம் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். படை வெளியேறும்வரை உடல்கள் அங்கேயே கிடந்தன. அவர்களில் பலர் ஊர்க்காவலுக்குச் சேர்ந்தவர்கள்தான். இருக்கட்டும். பிடிபட்டவரைக் கொல்லக் கூடாது என்பதில், போருக்கான விதிகளை வகுக்கும் ஜெனீவா உடன்படிக்கைகள் எந்தச் சந்தேகத்துக்கும் இடம் வைக்கவில்லை. அவற்றுக்காக 1960இல் நாமே தனிச் சட்டம் இயற்றியிருக்கிறோம்.

எல்லாம் நாடகம் என்றது மாஸ்கோ. ஆனால் ரஷ்யப் படை அங்கே இருந்தபோதே, மார்ச் நடுவில் எடுத்த செயற்கைக்கோள் படங்களில் அந்தத் தெருவில் உடல்கள் கிடப்பது தெரிகிறது. ஊரில் மொத்தம் 400க்கும் மேற்பட்ட உடல்கள் மீட்கப்பட்டன.

அதே மார்ச் 4 அன்றுதான் ஐ.நா. மனித உரிமை மன்றம் உக்ரைனில் நடக்கும் மீறல்களை விசாரிக்கும் குழுவை அமைக்க வாக்கெடுத்தது. 32 நாடுகள் ஆதரித்தன. இந்தியா விலகி நின்றது. அன்றைக்குப் புச்சாவைப் பற்றி உலகத்துக்குத் தெரியாது, சரி. 2023 ஏப்ரலில் அந்தக் குழுவின் காலத்தை நீட்டிக்கும்போதும் ஏன் விலகினீர்கள்? நீங்கள் கேட்ட விசாரணை அதுதானே?

எங்களுக்கு இந்த வலி பழையது. 2014 மார்ச்சில், இலங்கைப் போர்க் குற்றங்கள் மீதான விசாரணைத் தீர்மானத்திலும் இந்தியா இப்படித்தான் ஒதுங்கியது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் போன பிள்ளைகளின் படத்தை ஏந்திக்கொண்டு தாய்மார் வருடக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்த எவருக்கும் புச்சா தூரத்து ஊராகத் தெரியாது.

ரஷ்யாவோடு உறவை முறிக்கச் சொல்லவில்லை. அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தத்தான் சொல்கிறேன். பிடித்துவைத்திருக்கும் பொதுமக்கள், போர்க் கைதிகள் எல்லாருடைய பெயர்களையும் வெளியிடச் சொல்லுங்கள். சிறைகளுக்குள் செஞ்சிலுவைச் சங்கத்தைத் தடையின்றி விடச் சொல்லுங்கள். விசாரணைக் குழு பற்றிய வாக்கெடுப்பில் இனி இந்தியாவுக்கு வாக்கு இருக்கும்போதெல்லாம் ஆதரித்து வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்