கூத்து, மேளம், இசைக்குழுக் கலைஞர்கள் கவனத்துக்கு

கொரோனாக் காலத்தில் டிஸ்னி தன் கேளிக்கைப் பூங்கா ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தியது உண்மையா என்று இங்கே கேட்டிருந்தீர்கள். செய்தி உண்மைதான். 2020 செப்டம்பர் கடைசியில் அமெரிக்கப் பூங்காப் பிரிவில் 28,000 பேரளவில் வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். பெரும்பாலோர் பகுதிநேர வேலையாட்கள். கொரோனாவால் மூடியிருந்த புளோரிடாப் பூங்கா ஜூலையிலேயே மீண்டும் திறந்தது, ஆனாலும் மேடைக் கலைஞர்கள் பலருக்கு வேலை திரும்பவில்லை. ஆட்டமும் பாட்டும்தான் எங்கும் முதலில் வெட்டுப்படும் போல.

நமக்கோ நிறுத்தற் கடிதம் தரக்கூட ஆளில்லை. கொரோனாவால் கோயில் திருவிழா சுருங்கியதும் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், மத்தளக்காரர், உடுப்புக் கட்டுபவர் எல்லோருக்கும் வருமானம் நின்றுபோனது.

சரி, மட்டக்களப்பு, அம்பாறைக் கலைஞர்கள் பெயர், ஊர், செய்யும் கலை மூன்றையும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். பிரதேச செயலகக் கலாசார உத்தியோகத்தரிடம் பட்டியலாகக் கொடுப்போம். அடையாள அட்டை இலக்கத்தைக் குழுவில் போட வேண்டாம். வயதான அண்ணாவிமாருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், அவர்கள் வாட்ஸ்அப் பார்ப்பதில்லை.