உருண்டை இருக்கட்டும், வலி மருந்தை நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய்களுக்குக் கருப்பையில் சீழ் கட்டுவது சகஜம். கருப்பையை அகற்றி வீட்டுக்கு அனுப்பிய மறுநாளே வரும் கேள்வி: "பத்து வயசு ஆயிடுச்சு, இங்கிலீஷ் மருந்து தாங்குமா? ஹோமியோபதி உருண்டை ஆர்னிகா 200 போதாதா?"

போதாது. ஒரு சொட்டு மருந்துக்கு 99 சொட்டு ஆல்கஹாலோ நீரோ என்று 12 முறை நீர்க்கும்போதே மூல மருந்தில் ஒரு மூலக்கூறு மிஞ்சுவது அரிது. 200 என்றால் அதையே 200 முறை செய்தது. சர்க்கரை உருண்டையால் நாய்க்குக் கேடில்லை. அதை நம்பி வலி மருந்தை நிறுத்துவதுதான் கேடு. தையலைச் சுற்றிய லேசான வீக்கம் சில நாளில் தானே வடியும், பேர் ஆர்னிகாவுக்குப் போகும். பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களை முறைப்படுத்தும் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரியும் 2017-ல், நிரூபணமான சிகிச்சைக்குத் துணையாக மட்டுமே ஹோமியோபதியை ஏற்க முடியும், மாற்றாக அல்ல என்றது. நீர்க்காத மூலச் சாறான மதர் டிங்சர் வேறு சங்கதி: அதில் ஆல்கஹால் நிஜமாகவே இருக்கிறது, தையலில் பட்டால் எரியும்.

வலி மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமோ என்ற பயம் நியாயமானதே. இந்த நோய் சிறுநீரகத்தையும் பாதிக்கும். அதற்குத்தான் சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை. அளவு சரியாக இருந்தால் மெலாக்சிகாம் என்ற வலி மருந்து வழக்கமாக முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினம் ஒருமுறை 0.1, சாப்பாட்டுக்குப் பின். 20 கிலோ நாய்க்கு அந்தத் தினசரி அளவு 2 மில்லிகிராம்தான். மனிதருக்கான 15 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் அதன் ஒரு வார மருந்து இருக்கிறது. ஸ்டீராய்டு சாப்பிடும் நாய்க்கு இதைச் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. வாந்தி, கறுத்த மலம் கண்டால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். சிறுநீரகம் பழுதென்றால் அவர் வேறு மருந்து தருவார். வீட்டிலிருக்கும் மனிதருக்கான வலி மாத்திரைகள், புரூஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம்.

நாய் முனகவில்லை என்பதால் வலியில்லை என்றாகாது. படுக்க முடியாமல் இடம் மாற்றிக்கொண்டே இருப்பது, முதுகைக் கூனி நிற்பது, ஓய்வில் இருக்கும்போதே மூச்சிரைப்பது, இவையெல்லாம் வலிதான்.

தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பு மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருக்க வேண்டும். தையல் பிரிக்கும் 10 முதல் 14 நாள்வரை கழற்றக் கூடாது. டைல்ஸ் தரையில் கிழட்டு நாயின் பின்கால் வழுக்கினால் தையல் விடும். கோணியோ ரப்பர் பாயோ விரியுங்கள். மஞ்சள் குழைத்துப் பூசாதீர்கள். கிருமிப் பேச்சு ஒருபுறம் இருக்கட்டும், அந்த நிறத்தில் சிவப்பும் சீழும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மலம் மூன்று நாள் தள்ளினால் பதற வேண்டியதில்லை. 24 மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ, ஈறு வெளுத்தாலோ, காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினாலோ அன்றிரவே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உருண்டையை மாற்றிப் பார்க்க அது நேரமில்லை.

கால்நடை மருத்துவர்,
திருச்சி