பெரியப்பாவின் புல்லட்டை எழுப்பிவிட்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

1986-இல் பெரியப்பா வாங்கிய புல்லட் 350, போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் மறுபடி ஓடியது. ஓட்டியது நான். அதுவரை கியர் இல்லாத ஸ்கூட்டர் மட்டுமே ஓட்டியவள், ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்றுகூடத் தெரியாதவள். அதனால் யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறேன் என்பதை நாலு பேர் அறியச் சொல்லிவிடுவதுதான் முறை.

முதலில் பெரியப்பா. விழுப்புரம் பக்கத்து ஊரில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் வருடக்கணக்காக நின்ற வண்டி அது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விசாரித்தபோது, "எடைக்குப் போட்டா நல்ல காசு வரும்மா" என்றார்கள். பெரியப்பா காதில் வாங்கவே இல்லை. "திருவொத்தியூர்ல பொறந்த வண்டி, மெட்ராசுக்கே திரும்பப் போகட்டும்" என்று ஆர்.சி. புத்தகம், சாவி, துருப்பிடித்த டூல் கிட் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அடுத்து அயனாவரம் மெக்கானிக் அண்ணன். வண்டியை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். "விட்டுட்டுப் போனா உனக்கு என்ன தெரியும்? உக்காரு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள். கிக்கர் மேல் கால் வைக்க விடவில்லை. நீண்ட நாள் நின்ற புல்லட்டில் ஆயில் மெல்லக் கசிந்து இன்ஜின் அடியில் இருக்கும் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும், அதை வடிக்காமல் உதைக்கக்கூடாது என்று சொல்லி, அடியில் இருந்த டிரெயின் போல்ட்டை என்னையே கழற்ற வைத்தீர்கள். கறுப்பாக வந்த ஆயிலைப் பார்த்ததும்தான் நீங்கள் ஏன் தடுத்தீர்கள் என்று எனக்கு உறைத்தது. அப்புறம் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்ற வைத்தீர்கள்.

கார்புரேட்டரைத் திறந்தால் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி காய்ந்து, பெட்ரோல் வரும் சின்னப் பித்தளை ஓட்டையான ஜெட்டை அடைத்திருந்தது. கம்பியால் குத்தப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினீர்களே, அது பெரிய உதவி. பித்தளை ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும், காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்றீர்கள். அவ்வளவையும் சொன்னீர்களே தவிர, ஒரு ஸ்குரூவைக்கூட நீங்கள் தொடவில்லை. அன்றைக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இப்போது இல்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைக்கார அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. புதுக் கார்புரேட்டர் வாங்கக் காசோடு வந்தவளிடம், பழையதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்கு" என்று கேஸ்கட்டும் ஃப்ளோட் ஊசியும் மட்டும் எடுத்துக் கொடுத்தார். பெட்ரோல் டியூபையும் மாற்றச் சொன்னார். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அந்தக் காலத்து ரப்பர் தாங்காதாம். வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு நல்லது சொல்லும் கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை. அங்கேதான் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டு சார் வந்தார். பிளக்கில் பொறி வருவதற்காகத் திறந்து மூடும் பாயிண்ட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கச் சொல்லி, தன்னுடைய ஃபீலர் கேஜைக் கொடுத்து, இடைவெளியை 0.35-க்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் நடுவில் வைக்கச் சொன்னார். பிளக்கில் நீலப் பொறி தெறித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

உதைக்கும் வித்தையும் சார் சொல்லிக் கொடுத்ததுதான். பழைய புல்லட்டில் பலம் மட்டும் இருந்தால் போதாது. சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடியிருக்கும்வரை ஆம்பியர் மீட்டர் முள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். கிக்கர் இறுகும் இடத்தில் பாயிண்ட் திறந்து, முள் நடுவுக்கு வரும். அங்கே, இன்ஜினுக்குள் அழுந்திய காற்றை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை. முள்ளைக் கவனிக்காமல் அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் போய்விடும். ஐம்பது கிலோகூட இல்லாத நான் இன்று தனியாக ஸ்டார்ட் செய்கிறேன் என்றால் அது அந்த முள்ளின் தயவு. கியர் வலது காலில், பிரேக் இடது காலில் என்பதுதான் பயமாக இருந்தது. வேறு கியர் வண்டி ஓட்டிப் பழகாததால் எனக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை என்று சார் தைரியம் சொன்னார். உண்மைதான்.

கார்புரேட்டரில் முறிந்து மாட்டிக்கொண்ட ஸ்குரூவைத் துளைபோட்டு எடுத்து, மரை போட்டுக் கொடுத்த லேத் பட்டறைப் பெரியவர் டீ மட்டும்தான் வாங்கிக்கொண்டார். ஆர்.சி. புதுப்பிக்க 25-ஆம் எண் படிவத்தையும், பெயர் மாற்ற 29, 30-ஐயும் பொறுமையாக நிரப்ப உதவிய ஆர்.டி.ஓ. அலுவலக அக்காவுக்கும் நன்றி. கார் நிறுத்துமிடத்தில் கேட்ட 'டப் டப்' சத்தத்துக்கு அபார்ட்மெண்டில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை, முதல் மாடிப் பாட்டி மட்டும், "இன்னும் கிளம்பலையா?" என்று தினமும் விசாரித்தார்.

சார், ஃபீலர் கேஜ் பத்திரமாக என்னிடம்தான் இருக்கிறது. மெக்கானிக் அண்ணா, செயின் கேஸில் இன்னும் ஆயில் சொட்டுகிறது. கேஸ்கட் வாங்கி வைத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறேன், ஸ்டூலை எடுத்துப் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
எதிர்வீட்டுப் பெண்