சின்னம்மாவுக்கு, குதிரைக்காரர் வாங்கிய பூக்கள் பற்றி

அன்புள்ள சின்னம்மா,

போன கிழமை கதைத்தபோது, அடுத்த மாதம் பிள்ளைகளோடு ஆம்ஸ்டர்டாம் போகப்போவதாகச் சொன்னீர்கள். அங்கே றைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்ப்ராண்டின் 'இராக்காவல்' ஓவியத்தை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவதாகத் திட்டம். "மிச்சமெல்லாம் பூச்சாடிப் படம்தானே, பல் டொக்டரின்ர சுவரிலயும் அதுதான் தொங்குது" என்றீர்கள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டேன். பிறகுதான் அந்தப் பேச்சு கிடந்து அரித்தது. நேரில் சொன்னால் இடையில் மறித்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

டுசல்டோர்ஃப் நகரமண்டபத்துக்கு முன்னால் குதிரையில் இருக்கிற வெண்கல மனுசனை உங்களுக்குத் தெரியும்தானே? எத்தனை வருசமாக அதைக் கடந்து சந்தைக்குப் போகிறீர்கள். ஊர்க்காரர் யான் வெல்லம் என்று கூப்பிடும் அந்தச் சிற்றரசர் யோஹான் வில்ஹெல்ம், 1708இல் ஒரு பூ ஓவியரைத் தன் அரசவை ஓவியராக நியமித்தார். அவர் பெயர் ராகேல் ரொய்ஸ். வேதாகமத்தில் வருகிற அதே ராகேல்தான். 1664இல் ஹேக் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்த பெண். அரசவை ஓவியர் என்பதற்காக அவர் உங்கள் ஊருக்குக் குடிவரவில்லை. ஆம்ஸ்டர்டாமில் தன் வீட்டிலேயே இருந்து கீறி அனுப்பினார். வீட்டில் என்ன அலுவல் என்று கேட்பீர்கள்: அவருக்குப் பத்துப் பிள்ளைகள். கடைசிப் பிள்ளை 1711இல், அவருக்கு 47 வயதாகும்போது பிறந்தது. ஞானத்தகப்பன் யார் தெரியுமோ? உங்கள் குதிரைக்காரர்தான். பிள்ளைக்கு அவருடைய பெயரையே வைத்தார்கள். அந்தச் சிலையை வார்த்ததும் அதே 1711தான். அதே வருசம் ராகேல் கீறிய ஒரு படம் இன்று ஃபுளோரன்சில், உஃபிட்சி காட்சியகத்தில் இருக்கிறது. குதிரைக்காரர் அதைத் தன் மாமனார் மெடிச்சி பிரபுவுக்குப் பரிசாக அனுப்பினார். அதில் திராட்சையும் பீச்சும் குவிந்து கிடக்க, ஒரு குருவிக்கூட்டு முட்டைகளுக்குப் பக்கத்தில் ஓணான் மாதிரி ஒன்று வந்து நிற்கிறது. பல் டொக்டர் அதைத் தன் சுவரில் மாட்டமாட்டார்.

இனிச் சொல்ல வந்த விசயம். ராகேலின் பூச்சாடி ஒன்றை நான் கணினியில் பெருப்பித்து ஒரு இரவு முழுக்கப் பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்கக் கிடைக்கவில்லை, நீங்கள் பார்க்கப்போகிறீர்கள் என்ற பொறாமையும் இந்தக் கடிதத்தில் கொஞ்சம் உண்டு. இருட்டான பின்னணி. பூக்கள் சாடியிலிருந்து ஒரு பக்கமாகச் சரிந்து எழுகின்றன. நடுவில் வெளிச்சம் வாங்கின வெளிர்ப் பூக்கள், ஓரத்துக்குப் போகப்போக இருட்டுக்குள் கரைகிற இலைகள். ஒரு தண்டு தன் பாரம் தாங்காமல் வளைந்து மேசை விளிம்புக்குக் கீழே தொங்கும். வடிவுதான். ஆனால் கொஞ்சம் நேரம் பார்த்தால் ஒன்று இடிக்கும். டியூலிப் அங்கே சித்திரை, வைகாசியில் பூக்கிறது. ரோசா அதற்குப் பிறகு. கசகசாப்பூ நடுக்கோடையில். இவை எல்லாம் ஒரே சாடியில், ஒரே காலையில் வெட்டி வைத்த மாதிரி நிற்கின்றன. அப்படியொரு பூச்செண்டு உலகத்தில் எந்த நாளிலும் இருந்ததில்லை, சின்னம்மா. ஒவ்வொரு பூவையும் அதனதன் பருவத்தில் பார்த்துப் படித்து, வண்ணத்தைப் படலம் படலமாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசி ஒன்றுசேர்த்தது. நாங்கள் ஒரு நொடியில் பார்த்துவிட்டுக் கடக்கிற பூச்சாடிக்குள் ஒரு வருசத்து மாதங்கள் இருக்கின்றன.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்பதற்கு அப்பாவைப் பார்க்க வேணும். ஃபிரெடெரிக் ரொய்ஸ் உடற்கூற்று வல்லுநர், 1685 முதல் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்துப் பேராசிரியர். இறந்த உடல்களை அழுகாமல் பதப்படுத்துவதில் ஐரோப்பாவிலேயே பெயர் எடுத்தவர். வீட்டில் போத்தல் போத்தலாகச் சேர்த்து வைத்திருந்தார். ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1717இல் அந்தச் சேகரிப்பை 30,000 கில்டர் (அந்தக் காலத்து டச்சுக் காசு) கொடுத்து வாங்கினார். அதில் ஒரு பகுதி இன்றும் சென் பீட்டர்ஸ்பேர்க்கில் இருக்கிறது. ஒரு பக்கம் அழியாத உடல்கள், மறுபக்கம் கப்பலில் வந்திறங்கிய அயல்நாட்டுச் செடிகள். இந்த வீட்டில் வளர்ந்தவர் 15 வயதில் வில்லெம் வன் ஆல்ஸ்ட் என்ற ஓவியரிடம் தொழில் படிக்கப் போனார்.

இந்தப் படங்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் ஒரு விளக்கம் எழுதியிருப்பார்கள்: பூ வாடும், வாழ்வும் அப்படியே, நிலையாமை. அந்தக் காலத்தில் அப்படி நினைத்துக் கீறினவர்களும் உண்டு. ராகேலுக்கு அதை ஒட்டவைப்பதை நான் ஏற்கமாட்டேன். பதப்படுத்துகிறவரின் மகள் அவர். பூச்சி அரித்த ஓட்டையையும் புழு ஏறின தண்டையும் அவர் பரிதாபத்துக்காகக் கீறினதாக எனக்குத் தெரியவில்லை. இலை அப்படித்தான் இருக்கும், அதனால் அப்படியே இருக்கட்டும் என்ற கண் அது. டியூலிப் இதழில் தீ நாக்கு மாதிரி ஓடுகிற கோடுகளைப் பாருங்கள். அது ஒரு வைரசு நோய் என்று இருபதாம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள். அவர் காரணம் தெரியாமலே நோயைச் சரியாகப் பதிந்து வைத்திருக்கிறார்.

இன்னொரு வேடிக்கை. அந்தக் காலத்துப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலைகள் நீலம் பாரித்திருக்கும். நீலத்தின் மேல் பூசிய தாவர மஞ்சள் வெளிச்சம் பட்டு மங்கிப்போனதால் வந்த வினை. முந்நூறு வருசம் பூ வாடாமல் நிற்க, இலை மட்டும் நிறம் மாறியிருக்கிறது. உங்கள் கண்ணில் அப்படி ஏதும் பட்டால் எனக்குச் சொல்லுங்கள்.

ரெம்ப்ராண்ட் பார்க்கத்தானே போகிறீர்கள், அதனால் இதையும் சொல்கிறேன். ராகேலின் படம் ஒன்று 750 கில்டரிலிருந்து 1,200 கில்டர் வரை போனது என்றும், ரெம்ப்ராண்டுக்கு ஒரு படத்துக்கு 500க்கு மேல் கிடைத்தது அரிது என்றும் கலை வரலாறு படித்தவர்கள் சொல்வார்கள். 1723இல் அவர் குடும்பத்துக்கு லொத்தரில் பெரும்பரிசும் விழுந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் விழுந்திருந்தால் அன்றோடு தூரிகையைத் தூக்கிப் போட்டிருப்போம். அவரும் சில காலம் குறைத்துத்தான் கொண்டார், ஆனால் விடவில்லை. 1747இல் கீறிய பூப்படத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் எழுதியிருக்கிறார்: 83. வயதைக் கேட்டால் பேச்சை மாற்றுகிற எங்கள் குடும்பத்துப் பெண்களை நினைத்துக்கொண்டேன், கோபிக்க வேண்டாம். 1750இல் இறந்தார். அவருக்கென்று முதல் பெரிய தனிக்கண்காட்சி வைத்தது 2024இல், மியூனிக்கில். குதிரைக்காரர் உங்கள் ஊரில் சேர்த்து வைத்திருந்த ஓவியங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே கொண்டுபோய்விட்டார்கள் என்பது வேறு கதை.

'இராக்காவல்' இருக்கிற அறைக்குக் கொண்டுபோகிற நடுமண்டபத்தில், 2021 மகளிர் நாளன்று முதல்முறையாகப் பெண் ஓவியர் மூவரின் படங்களை மாட்டினார்கள். அதில் ஒன்று ராகேலின் கண்ணாடிச் சாடிப் பூக்கள். இடம் மாற்றியிருந்தால் அங்கே நிற்கிறவரிடம் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். காவலர் அதட்டாத தூரம் வரைக்கும் கிட்டப் போங்கள். முதலில் பூவைப் பார்க்க வேண்டாம், பூச்சிகளைத் தேடுங்கள். சின்னவனிடம் எண்ணச் சொன்னால் அவன் உங்களைவிடக் கூடக் கண்டுபிடிப்பான். எத்தனை என்று அன்றிரவே எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள், நான் கணினியில் எண்ணி வைத்ததோடு ஒத்துப் பார்க்க வேணும்.

அன்புடன்,
உங்கள் பெறாமகள்